அயிரைக்கு ஊற்றிய பால்

சிம்மக்கல் பக்கத்தில் யாராவது அயிரைக் குழம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் கான்ட்ராக்டர் மலையாண்டி வீட்டுக் குழம்பைச் சொல்லாமல் அந்தப் பேச்சு முடியாது. பட்டாளத்துக்கு விறகும் கரியும் சப்ளை செய்த வகையில் அவருக்குச் சண்டைக் காலம் நல்ல காலம். ஆபீசர்களும் குமாஸ்தாக்களும் வந்து உட்கார்ந்து, இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சுந்தரம்மாள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். குழம்பு கூட்டியது அவர் மனைவி சுந்தரம்மாள்தான், அதில் பொய்யில்லை. மீன் கழுவியவள் வேலைக்காரி ராமக்காள். அயிரையைப் பொறுத்தவரை கழுவுவதுதான் முக்கால் சமையல். இது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

அயிரை சுண்டுவிரல் நீளம்கூடத் தேறாது. அதை ஆய்ந்து குடல் எடுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். முழுசாகத்தான் சட்டிக்குப் போகும். ஆனால் அது பிறந்ததிலிருந்து மணலையும் பாசியையும் தின்று வளர்ந்தது. அப்படியே கொதிக்கவிட்டால் வாயில் நறநறவென்று அரைபடும். அதனால் உயிரோடு வாங்கி, கறந்த சூடு ஆறாத பாலில் விடுவார்கள். பாலைக் குடிக்கக் குடிக்க வயிற்றில் கிடக்கும் மணலெல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு கல் உப்பைப் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே சடசடவென்று அடிக்கும் சத்தம் அடங்கியதும், சொரசொரப்பான மண்சட்டியில் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுக்க வேண்டும். மீன் குடித்து மிஞ்சிய பால் சாக்கடைக்குப் போகும்.

ராமக்காளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பிறந்தது வாடிப்பட்டிக்கு அந்தண்டை ஒரு வாய்க்கால் ஓரத்துக் குடிசையில். ஆத்தாளும் மகளும் பழஞ்சேலையை விரித்து அயிரை அரித்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. வெயில் ஏறி வாய்க்கால் தண்ணீர் வெதுவெதுக்கும்போதுதான் மீன் மேயும் என்று அவளுக்குத் தெரியும். பனி நாளில் விடிகாலையில் இறங்கினால் மணலில் முகத்தைப் புதைத்து விறைத்துக் கிடக்கும். வாயருகில் புழுவை நீட்டினாலும் திரும்பிப் பார்க்காது. முந்தின நாள் தின்ற மணல்கூடச் செரிக்காமல் வயிற்றில் அப்படியே இருக்கும். இன்னொன்றும் தெரியும். பெரிய மீன் ஒரு வயிறு மேய்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். குஞ்சுக்கு அந்தப் பேச்சே இல்லை. தன் உடம்பு கனத்துக்குத் தின்ற பிறகும் வாயைத் திறந்துகொண்டு திரும்ப வரும்.

வாழ்க்கைப்பட்டுச் செல்லூருக்கு வந்தாள். புருஷன் பேயாண்டி நல்லவன்தான். நிலைத்து ஒரு வேலையில் இருக்கமாட்டான். சண்டை வந்ததும் அசாமில் ரோடு போடும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தலை முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு ரயிலேறிப் போனவன், போனவன்தான். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். பெண் பிறந்தது. பேச்சி என்று கூப்பிட்டாள். பேச்சி குப்புற விழுந்த சமயத்தில் ராமக்காளுக்கு விஷக் காய்ச்சல் கண்டு, எழுந்து உட்கார்ந்தபோது மாரில் பால் இல்லை. பிழிந்து பார்த்தாள். வேப்பங்கொழுந்து, வெந்தயம் என்று யார் யாரோ சொன்னதைத் தின்று பார்த்தாள். அடைத்த ஊற்று அடைத்ததுதான்.

சுந்தரம்மாள் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதை ஒரு தர்மமாகவே சொல்லிக்கொள்வாள். "புள்ளையத் தூக்கிட்டு வா, கொல்லையில முருங்க மரத்துல தூளி கட்டிக்க. உள்ள மட்டும் கொண்டாராத" என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பசு கறக்கும்போது ராமக்காள் தொழுவத்துப் பக்கம் வரக்கூடாது. மார் வற்றியவள் கண் பட்டால் மடி வற்றிவிடும் என்பது சுந்தரம்மாள் பிறந்தகத்து நம்பிக்கை. பசுவும் பிறந்தகத்துச் சீதனம். சாணி அள்ளலாம், தண்ணி காட்டலாம், பருத்திக்கொட்டை வேகவைக்கலாம். கறக்கிற நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட வேண்டும். கறந்து முடிந்ததும் மீனுக்கான பாலைச் செம்பில் ஊற்றி, சமையல்கட்டு வாசற்படியில் வைத்து, "எடுத்துக்க" என்று குரல் கொடுப்பாள்.

ஊரில் பால் இல்லை. இருந்ததெல்லாம் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. பேச்சி கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு, கை விரலைச் சப்பிக்கொண்டு, விரலிலும் ஒன்றும் வராத கோபத்தில் அழுதாள்.

ஒருநாள் ராமக்காள் வாய்விட்டே கேட்டாள். "ஆத்தா, மீனு குடிச்ச மிச்சம் சாக்கடைக்குத்தான போகுது. ஊத்துறதுக்கு முந்தி ஒரு ஆழாக்கு எடுத்து வச்சா எம் புள்ளைக்கு ஆகும்."

சுந்தரம்மாள் சிரித்துவிட்டாள். ஊஞ்சலில் இருந்த புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கேட்டீகளா, மீனோட பங்குக்கு வாரா இவ!"

"குடுத்துத் தொலையேன். கத்துது அது."

"குடுப்பீக. ஒங்க வீட்டுப் பசுவா இது? வத்துன மாருக்காரி வீட்டுக்குப் பாலு போச்சுன்னா தொழுவத்துல சாணிதான் மிஞ்சும்." ராமக்காளிடம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு சாண் புள்ளைக்கு எம்புட்டுடி வேணும்? ஒடம்புக்குத் தக்கன வயிறு. சோத்துத் தண்ணியில உப்பப் போட்டுக் குடு, தேறிக்கிடும்."

உடம்பு சிறுத்தால் வயிறு பெருக்கும் என்று ராமக்காள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மார்கழி முழுக்க அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. தை பிறந்ததும், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மலையாண்டி விருந்து வைக்க ஆரம்பித்தார். அயிரை கொண்டுவருகிறவன் சுடலை. வாடிப்பட்டிப் பக்கத்து ஆள். காவடியில் இரண்டு பானை தொங்க, தண்ணீர் தளும்பாத நடை நடப்பான். ராமக்காளைத் தங்கச்சி என்பான், ஊர்க்காரி என்ற பாசத்தில்.

அந்த வருஷம் தைப் பனி கொஞ்சம் அதிகம். ஒரு நாள் சாயந்திரமே மீனைக் கொடுத்துவிட்டுப் போனான் சுடலை. பானை கிணற்றடியில் பனியிலேயே கிடந்தது. காலையில் ராமக்காள் மீனை வடித்து, செம்புப் பாலை ஊற்றினாள். கை வேலையாக இருந்ததில் அந்தப் பாலும் சற்று ஆறிப்போயிருந்தது. சாணியை அள்ளிவிட்டு வந்து பார்த்தால், பால் ஊற்றின வெள்ளை மாறாமல் அப்படியே இருக்கிறது. மீன்கள் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. செவுள் மட்டும் அசைந்தது. ஒன்றுகூடக் குடிக்கவில்லை.

அவள் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். சுந்தரம்மாள் குளிக்கப் போயிருந்தாள். பாலை வேறு சட்டியில் சாய்த்து, முந்தானையை நாலாக மடித்து வடிகட்டி, பருத்திக்கொட்டை அடுப்பில் ஒரு துண்டு சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சினாள். பேச்சி அதைக் குடித்த வேகத்தில் புரையேறியது. குடித்து முடித்து, பால் புகட்டிய சங்கைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

பால் கிடைத்துவிட்டது. மீனின் வயிற்றில் மணல் இருக்கிறதே! அன்றைக்கு ராமக்காள் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக எடுத்து, கட்டைவிரல் நகத்தால் வயிற்றைக் கிள்ளிக் குடலைப் பிதுக்கி எறிந்தாள். பொடி மீனில் முடியவில்லை, நசுங்கியது. அதையெல்லாம் சாக்கடையில் தள்ளினாள். பெரியதில் முடிந்தது. குழம்பு கொதித்து இலைக்குப் போய், ஏப்பச் சத்தம் கேட்கிறவரை அவள் பந்திப் பக்கமே காதை வைத்திருந்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தடவை சுடலையிடம் சொன்னாள்: "அண்ணே, இனிமே பெருசாப் பாத்துக் கொண்டாங்க. பொடிசு வேணாம். சாயந்தரமே கொண்டாந்துருங்க."

"அயிரையில என்ன தங்கச்சி பெருசு சிறுசு? யானையவா புடிச்சுட்டு வாரேன்?"

"ஐயாவுக்குப் பெருசுதான் பிடிச்சிருக்காம்."

"ஐயாவுக்குப் பெருசுதான் பிடிக்கும். வயித்தப் பாத்தாலே தெரியுது." சுடலை சிரித்துக்கொண்டே பொறுக்கிப் போட்டான்.

அப்புறம் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. பானையை மூடாமல் பனியில் வைப்பாள். விடிந்ததும் ஆழக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு வாளி இறைத்து அதில் மீனைக் கொஞ்சம் கிடக்கவிடுவாள். பால் செம்பைக் கிணற்றுச் சுவரின் நிழலில் வைத்து நன்றாக ஆறவிடுவாள். பாலில் மீன் பேருக்குக் குளிக்கும், அவ்வளவுதான். பிறகு உப்பு, பிறகு நகம். உப்பும் மீன் பித்தும் பட்டு இரண்டு கட்டைவிரலும் வெந்துபோயின. இராத்திரி பிள்ளையைத் தட்டும்போது விரல் படாமல் உள்ளங்கையால் தட்டுவாள். அயிரை இல்லாத நாளில் பேச்சி கத்தினாள். அதனால் ராமக்காள் தானாகவே போய், "ஐயா, வாய்க்கால்ல தண்ணி வடியுதாம், இந்த வாரம் விட்டா அயிரை கெடைக்காதாம்" என்று மலையாண்டி காதில் போட்டுவைப்பாள். பொய்தான். மலையாண்டிக்கு நாக்கு ஊறும். "அப்ப சுடலையை நாளைக்கும் வரச் சொல்லு" என்பார்.

பேச்சிக்குக் கன்னம் தெரிந்தது. தூளியிலிருந்து எட்டிப் பார்த்துச் சுந்தரம்மாளைக் கண்டால்கூடச் சிரித்தாள்.

"பாத்தியா, புள்ளை உருண்டுட்டா" என்றாள் சுந்தரம்மாள். "சோத்துத் தண்ணிதான் மருந்துன்னு அன்னைக்கே சொன்னேன்ல? எம் பேச்சக் கேட்டா கெடுறதே இல்ல."

"ஒங்க புண்ணியம் ஆத்தா" என்றாள் ராமக்காள்.

தை பாதி போயிருக்கும். ஆபீசர் ஒருவரும் மலையாண்டியின் கூட்டாளிகளும் பந்தியில் இருந்தார்கள். மலையாண்டி முதல் கவளத்தை வாயில் வைத்து, இரண்டாவதையும் வைத்து, நாக்கைச் சப்புக்கொட்டினார். மணல் ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு அகப்படாதது வேறு.

"சுந்தரம், கொழம்புல கசப்பக் காணோமே?"

"கசப்பு எதுக்குங்க?"

"அயிரைன்னா நாக்குக்கு அடியில ஒரு கசப்பு நிக்கணும்ல. கொஞ்ச நாளாவே பாக்குறேன். இது என்னமோ விரால் மீன் துண்ட நறுக்கிப் போட்ட மாதிரி சப்புன்னு இருக்கு. உனக்குக் கை மாறிப்போச்சா?"

"அண்ணிக்கு வயசாகுதுல்ல அண்ணே" என்றான் ஒரு கூட்டாளி. பந்தி முழுக்கச் சிரித்தது. ஆபீசருக்குத் தமிழ் அரைகுறை. அவரும் சிரித்து வைத்தார்.

சுந்தரம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள். அந்தச் சிரிப்பு சமையல்கட்டுக்குத் திரும்பும்வரை முகத்தில் இருந்தது. குழம்புச் சட்டியைத் துழாவி ஒரு மீனை எடுத்துப் பிளந்து பார்த்தாள். வயிறு காலி. இன்னொன்று, காலி. கசப்பைக் கொடுக்கிற பித்தும் இல்லை, குடலும் இல்லை.

ராமக்காளிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாயந்திரம் கொல்லை வாசலில் காவடியை இறக்கிய சுடலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏப்பா, செத்த மீனக் கொண்டாந்து தள்ளுறியா எங்க வீட்ல? நாளையிலேருந்து நீ வரவேணாம். வேற ஆள் பாத்துக்கிடுறேன்."

சுடலைக்கு அந்த வீடுதான் பெரிய வாடிக்கை. அந்த ஒரு வீட்டை வைத்துத்தான் தெருவில் நாலு வீடு அவனிடம் வாங்கியது. அவன் ஒரு தடவை தூளிப் பக்கம் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

"தாயி, எம் மீனு மேல குத்தம் சொல்லாதீக. துள்ளத் துள்ளத்தான் கொண்டாரேன். பெருசாப் பொறுக்கிக் கேக்குறது ஒங்க ராமக்கா. பானையத் தொறந்து பனியில வைக்கிறதும் அவதான். குளுந்து கெடக்குற மீனு எப்படிக் குடிக்கும்? அதுவும் பெருசு, குடிச்சாலும் ரெண்டு மொடக்குதான். பொடிசக் கொண்டாந்து வெதுவெதுப்புல விட்டுப் பாருங்க. அப்பவும் குடிக்கலன்னா எங் காதை அறுத்துக்கிடுறேன்."

"குடிக்காத பாலு எங்க போச்சு?" என்று சுந்தரம்மாள் தனக்குத்தானே கேட்டாள். முருங்கை மரத்தடியில் பேச்சி காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பொடிசாக் கொண்டா. வெயில் ஏறினதுக்கப்புறம் வா" என்றாள் சுந்தரம்மாள்.

மறுநாள் வெயில் கொல்லை முழுக்க விழுந்திருந்தது. சுந்தரம்மாள் மணைக்கட்டையைக் கிணற்றடியில் போட்டு உட்கார்ந்தாள். "ராமக்கா, அடுப்பைப் பத்த வை. பால வெதுவெதுன்னு காச்சு. விரலை விட்டுப் பாரு. புள்ளைக்குக் குடுக்குற சூடு போதும். ஒனக்குத்தான் கைப்பழக்கம் இருக்குமே."

ராமக்காளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சுடலையைப் பார்த்தாள். அவன் பானைக் கயிற்றில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் காய்ச்சினாள். விரலை விட்டுப் பார்த்தாள். ஊற்றினாள்.

குண்டூசி போல இருந்த மீன்கள் சட்டி முழுக்கப் பாய்ந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. பால் மேல் சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் பால் சாம்பல் நிறமாகி, பிறகு கழனித் தண்ணியாகி, அடியில் கறுப்பு மணல் படிந்தது. மீன்கள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தன.

"என்னமாக் குடிக்குது பாருடி. பொடிசுன்னா இம்புட்டுக் குடிக்குமா? எனக்குத் தெரியாமப் போச்சே." சுந்தரம்மாள் எழுந்து சேலையை உதறினாள். "திருடின்னு ஒன்னைச் சொல்லமாட்டேன். எங்க வீட்ல கை நனைச்சவ நீ. பாலுதான கேட்ட? எடுத்துக்க. இனிமே மீனு குடிச்ச மிச்சம் பூராம் ஒனக்குத்தான். குடுக்கலன்னு ஊர்ல சொல்லாத."

"தாயி, நான் வாரேன்" என்று சுடலை காவடியைத் தூக்கினான்.

ராமக்காள் மீனை வடித்து உப்பைப் போட்டு மூடினாள். உள்ளே சடசடத்தது. அந்தச் சாம்பல் பாலைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கடை ஓரத்தில் நின்றாள். ஊற்றிவிடத்தான் போனாள். நேற்றுக் காலைப் பாலுக்கு அப்புறம் கஞ்சித் தண்ணியைத் துப்பிக்கொண்டிருந்த பேச்சி, சட்டியைக் கண்டதும் தூளியிலிருந்து இரண்டு கையையும் நீட்டினாள். பால் என்றால் என்னவென்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்த காலத்தில் கஞ்சித் தண்ணியையாவது குடித்தாள்.

மூன்று தடவை வடிகட்டினாள். பொங்கப் பொங்கக் காய்ச்சினாள். சுக்குத் தட்டிப் போட்டாள். நிறம் மாறவில்லை. பேச்சி நிறம் பார்க்கவில்லை. உதட்டுக்கு மேல் சாம்பல் மீசையோடு சிரித்தாள்.

வயிற்றுப்போக்கு மாசி பிறந்ததும் ஆரம்பித்தது. சுந்தரம்மாள் அலட்சியமாக இருந்துவிடவில்லை. வசம்பு சுட்டு அனுப்பினாள், "உரசி நாக்குல தடவு" என்று. ராமக்காளை அரை நாளில் வீட்டுக்குப் போகச் சொன்னாள். மாதுளம் தோல் கஷாயம் சொன்னாள். நாலைந்து நாளிலேயே கன்னம் வற்றி, பேச்சி பழையபடி ஒரு சாண் பிள்ளையாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனாள். சுந்தரம்மாள் ஒரு கோடித் துணி எடுத்துக் கொடுத்தனுப்பினாள். வேலைக்காரி பிள்ளைக்குக் கோடித் துணி எடுத்தவள் என்று தெருவில் அவளை நல்லவிதமாகப் பேசினார்கள். வற்றிய மார்க்காரி வந்துபோகிற வீட்டில் மடி வற்றாமல் இருப்பதே அந்த மனசுக்குத்தான் என்றார்கள்.

ராமக்காள் மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். தூளியை அவிழ்த்து, அந்தச் சேலையைக் கிழித்துக் கரித்துணியாக்கினாள். வேறு வீடு பார்க்கலாமே என்று செல்லூரில் சொன்னவர்களிடம், "எந்த வீட்ல பொடி அயிரைக்குப் பாலு ஊத்தாம இருக்காங்க, சொல்லுங்க, போறேன்" என்றாள். சுடலையோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. அவன்தான் கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு, கேட்பதற்கு மேலே ஒரு கை மீன் அள்ளிப் போட்டான். அந்த ஒரு கையைத் திருப்பிப் பானைக்குள் கொட்டிவிட்டு, "சரியா இருந்தாப் போதும் அண்ணே" என்பாள்.

சண்டை முடிகிற சமயத்தில் பேயாண்டி மலேரியா உடம்போடு வந்து சேர்ந்தான். பிள்ளை எங்கே என்று கேட்டான். "வயித்தால போயி செத்துப்போச்சு" என்றாள். அது பொய்யில்லை. அதற்குமேல் அவன் கேட்கவில்லை; பார்த்திராத பிள்ளை. வேறு பிள்ளை அவர்களுக்குப் பிறக்கவும் இல்லை.

பேச்சி போனதற்கு அடுத்த தையில் மலையாண்டி வீட்டில் பெரிய விருந்து. அயிரை பொடிசாக, நாலு பானை. பசு கன்று போட்டுப் பால் தாராளமாக இருந்த வருஷம்; சுந்தரம்மாள் செம்புக்குப் பதிலாகத் தவலையையே படியில் வைத்தாள். ராமக்காள் அடுப்பைப் பற்றவைத்தாள். காய்ச்சினாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சூடு வேண்டியிருந்தது. ஒரு சுள்ளியை உள்ளே தள்ளினாள். மறுபடி விட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஊற்றினாள். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன.

மத்தியானம் உள்ளே பந்தியில் மலையாண்டி குரல் கேட்டது: "இது! இதுதான் கொழம்பு! நாக்குக்கு அடியில நிக்குது பாருங்க கசப்பு!"

ராமக்காள் தவலையில் மிஞ்சியிருந்த சாம்பல் பாலைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனாள். இந்தத் தடவை நிற்கவில்லை. ஊற்றிவிட்டு, தவலையைக் கவிழ்த்துத் தட்டி, சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.